குக்கரில் அவித்த முட்டையின் கோது வெண்கருவையும் பிய்த்துக்கொண்டு வருகிறது

பரந்தன் சிற்றுண்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பரந்தனில் வீட்டிலிருந்தே சிற்றுண்டி செய்து, ஏ9 வீதியோரத்தில் உள்ள மூன்று தேநீர்க் கடைகளுக்குக் காலை ஆறரை மணிக்கு முன்னர் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். நான் செய்பவற்றில் அதிகம் விலைப்படுவது மிதிவெடி, அதாவது கலவைக்குள் அவித்த முட்டை வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல். ஒன்றுக்குப் பாதி முட்டை என்ற கணக்கில் நாளொன்றுக்கு 20 முட்டை அவிக்கிறேன். மிதிவெடியைக் கடிப்பவர்கள் முதலில் தேடுவது அந்தப் பாதி முட்டையைத்தான் என்பதால், அது வெட்டிய இடத்தில் வழுவழுப்பாகவும் முழுதாகவும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இரண்டு மாதங்களாக இது சரிவரவில்லை. அதிகாலை நான்கு மணிக்குக் குசினியில் அமர்ந்து உரிக்கத் தொடங்கினால், கோது அரிசிக் குறுணல் அளவில் துண்டு துண்டாக உடைந்து விரலில் ஒட்டுகிறது. சற்று இழுத்தால் வெண்கருவும் அதனுடன் பெயர்ந்து, மஞ்சட்கரு வெளியே தெரியும் அளவுக்குக் குழி விழுகிறது. 20 முட்டையில் எட்டு அல்லது ஒன்பது இப்படிப் போய்விடுகின்றன. போனவற்றை வீட்டில் கறிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கடைக்கு அனுப்ப முடியாது. உரிப்பதற்கே முக்கால் மணி நேரம் செலவாகிறது.

முன்பு நான் கடையில் தட்டுக் கணக்கில் பண்ணை முட்டை வாங்கி, விறகடுப்பில் சட்டி வைத்து அவிப்பேன். இப்போது எரிவாயு அடுப்பில், ஐந்து லீற்றர் அலுமினியப் பிரஷர் குக்கரில் அவிக்கிறேன். முட்டைகளை அடுக்கி, அவை மூழ்கும் வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, குக்கர் தானாக ஆறும் வரை ஏறக்குறைய 20 நிமிடம் காத்திருந்து திறக்கிறேன். மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு வளையமும் தெரிகிறது. அதே இரண்டு மாதங்களாக, எங்கள் வளவில் நிற்கும் ஊர்க்கோழிகளும் பக்கத்து வளவு அக்காவின் கோழிகளும் இடும் முட்டைகளையே எடுத்து வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று மாலை கூட்டிலிருந்து எடுத்தது நாளை காலை குக்கருக்குப் போகும்.

குக்கரில் அவிப்பது தவறா, அல்லது விசில் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

புதுக்குடியிருப்புச் சமையல்

வணக்கம் தங்கச்சி. கலியாண வீடுகளுக்குச் சமைப்பது என் தொழில். 200 முட்டை, 300 முட்டை என்று ஒரே விடியலில் அவித்து உரித்துக் கொடுத்திருக்கிறேன். குக்கரில் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் அதை நடத்தும் விதத்தில்தான் சில திருத்தங்கள் தேவை.

முதலாவதாக, முட்டையைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள். குக்கருக்குள் துளைத் தட்டை வைத்து, தட்டைத் தொடாத அளவுக்கு, ஏறக்குறைய அரை லீற்றர் தண்ணீர் மட்டும் விடுங்கள். முட்டை இல்லாமல் அந்தத் தண்ணீரை முதலில் கொதிக்கவிட்டு, ஆவி நன்றாக எழும்பிய பிறகு முட்டைகளைத் தட்டில் அடுக்கி மூடியைப் போடுங்கள். தண்ணீர் குறைவாக இருப்பதால் அமுக்கம் விரைவாக ஏறும், எரிவாயுவும் மிச்சமாகும். ஆனால் தண்ணீர் வற்றும் அளவுக்கு ஒருபோதும் குறைக்கக் கூடாது. வெறும் குக்கர் காய்ந்தால் ரப்பர் வளையம் கெடும், பாதுகாப்பு வால்வும் உருகும்.

இரண்டாவதாக, விசிலை எண்ணுவதை விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு குக்கர் ஒரு நிமிடத்தில் மூன்று தடவை கூவும், இன்னொன்று மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கூவும். நெருப்பின் அளவும் வளையத்தின் பழுதும் அதை மாற்றிவிடும். முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். அணைத்துவிட்டு மேலும் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு எஞ்சிய ஆவியை, விசிலை நீளமான அகப்பைக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வெளியேற்றுங்கள். அந்த நேரத்தில் முகத்தையும் கையையும் தூர வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குக் குக்கரின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி இறக்கினால் அமுக்கம் சட்டென்று விழுந்து, முட்டைக்குள் இருக்கும் ஈரம் கொதித்துக் கோதைப் பிளக்கும். ஊர்க்கோழி முட்டை சிறியது என்பதால் ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக நான்கு நிமிடம் போதுமா என்று ஒன்றை வெட்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

திறந்த உடனேயே முட்டைகள் குளிர்ந்த தண்ணீருக்குள் போக வேண்டும். 20 நிமிடம் குக்கருக்குள் விட்டதுதான் உங்கள் பச்சை வளையத்துக்குக் காரணம்.

மாங்குளம் விஞ்ஞானம்

மேலே அண்ணன் சொன்ன முறை சரியானது. இருந்தாலும், கேள்வி கேட்ட சகோதரி கடைசியாகச் சொல்லிச் சென்ற ஒரு வரியில்தான் சிக்கலின் வேர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சட்டியிலிருந்து குக்கருக்கு மாறிய அதே நேரத்தில் அவர் கடை முட்டையிலிருந்து அன்றன்றைய முட்டைக்கும் மாறியிருக்கிறார். இரண்டையும் ஒன்றாக மாற்றியதால் பழி குக்கரின் மேல் விழுந்திருக்கிறது. கூட்டிலிருந்து அன்று எடுத்த முட்டையை எந்தப் பாத்திரத்தில் அவித்தாலும் உரிப்பது கடினம்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இட்ட உடனே முட்டையின் வெண்கருவில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். அதனால் வெண்கருவின் பீ.எச். பெறுமானம் (அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் அளவு; கூடினால் காரம்) ஏறக்குறைய 7.6 முதல் 8 வரை இருக்கும். கோது நமக்கு மூடிய சுவர் போலத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. நாள் செல்லச் செல்ல அவற்றின் வழியே காபனீரொட்சைட்டு வெளியேறி, வெண்கரு காரத்தன்மை அடைந்து, பெறுமானம் 9.2 வரை உயரும். பெறுமானம் தாழ்வாக இருக்கும்போது அவித்தால், வெண்கருவின் புரதம் கோதின் உட்புறச் சவ்வுடன் இறுகப் பற்றிக்கொள்கிறது. உயர்ந்த பின் அவித்தால் அந்தப் பற்று தளர்ந்துவிடுகிறது. அதே துளைகளின் வழியே ஈரமும் போவதால், முட்டையின் பருத்த முனையில் உள்ள வளி அறை நாளுக்கு நாள் பெரிதாகும். உரிக்கத் தொடங்க விரல் நுழைவதற்கு அந்த இடம்தான் வாசல். நகரத்தில் கடை முட்டை வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை அதிகம் வராததற்குக் காரணம், பண்ணையிலிருந்து லொறியில் ஏறி, கடையில் அடுக்கி, அவர் கைக்கு வரும்போது அந்த முட்டைக்குச் சில நாள் வயது ஆகியிருப்பதுதான்.

குக்கரின் பங்கு இரண்டாவதாக வருகிறது. பச்சைத் தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடாக்கினால், வெண்கரு இறுகுவதற்கு முன்பே சவ்வுடன் ஒட்டிக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கிறது. கொதிக்கும் நீரிலோ ஆவியிலோ வைத்தால், வெளிப்புறத்து வெண்கரு சட்டென்று இறுகிச் சுருங்கிச் சவ்விலிருந்து விலகி நிற்கும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. வழமையான அடுப்புக் குக்கர் முழு அமுக்கத்தில் ஏறக்குறைய 120 பாகை வரை போகும். ஆவி அந்த வெப்பத்தில் கோதைச் சூழும்போது அந்தச் சுருக்கம் இன்னும் விரைவாக நிகழ்கிறது. அண்ணன் தண்ணீரை முதலில் கொதிக்க வைக்கச் சொன்னதன் அருமை இதில்தான் இருக்கிறது.

பச்சை வளையத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெண்கருவை நீண்ட நேரம் சூடாக வைத்தால் அதன் புரதத்தில் உள்ள கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகப் பிரியும். அது உள்நோக்கிச் சென்று மஞ்சட்கருவில் உள்ள இரும்புடன் சேர்ந்து இரும்பு சல்பைட்டாக மாறும். அந்த நிறம்தான் நீங்கள் காண்பது. உண்பதற்குத் தீங்கில்லை, ஆனால் பார்வைக்கு அழகில்லை. நேரத்தைக் குறைத்து, உடனே குளிர வைத்தால் அது வராது.

வட்டக்கச்சிக் கோழி வளர்ப்பு

முட்டையைச் சில நாள் வைத்துவிட்டு அவிக்க வேண்டும் என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம்முடைய வெயிலில் அதை எப்படி வைப்பது என்பதைச் சொல்லாமல் விட்டால் தங்கச்சி வேறொரு சிக்கலில் மாட்டிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன்.

பண்ணையில் பேட்டுக் கோழிகளை மட்டும் வளர்ப்பதால் அந்த முட்டையில் கரு இருக்காது. நம் வளவுகளில் சேவலும் சேர்ந்து மேய்வதால் ஊர்க்கோழி முட்டை பெரும்பாலும் கருக்கட்டியதாகவே இருக்கும். வன்னியில் பங்குனி, சித்திரை மாதங்களில் கூரைத் தகட்டின் கீழுள்ள குசினி எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் ஐந்து நாள் வெளியே வைத்தால், கோழி அடைகாக்காமலேயே கரு வளரத் தொடங்கிவிடும். அவித்து வெட்டும்போது இரத்த நரம்பு தெரிந்தால் அந்தக் கடைக்கு நீங்கள் திரும்பப் போக முடியாது. ஆகவே ஊர்க்கோழி முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஏழு முதல் பத்து நாள் கழித்து எடுப்பதே நல்லது. குளிரில் காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் மெதுவாகும் என்பதால்தான் ஒரு கிழமை தேவைப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், நிழலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, மூன்று நாளுக்கு மேல் வைக்காமல் எடுக்கலாம். அப்படி எடுத்தவற்றை அவிப்பதற்கு முன், இருட்டில் ரோர்ச் வெளிச்சத்தின் மேல் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கூட்டில் முட்டையைக் காலை, மாலை இரு வேளையும் பொறுக்குங்கள். அடைக்கோழி உட்கார்ந்திருந்த முட்டையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். எடுத்த அன்றே பென்சிலால் திகதியை எழுதி, பருத்த முனை மேலே இருக்கும்படி தட்டில் நிறுத்துங்கள். அப்படி வைத்தால் வளி அறை தன் இடத்திலேயே இருக்கும், மஞ்சட்கருவும் அதிகம் ஒதுங்காது. பாதியாக வெட்டும்போது நடுவில் மஞ்சட்கரு நிற்க வேண்டும் என்று நினைக்கிற உங்களுக்கு இது முக்கியம். எச்சம் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். வைப்பதற்கு முன் கழுவினால் கோதின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய், அழுக்கு துளைகளின் வழியே உள்ளே இறங்கும். அவிக்கும் அன்று கழுவிக்கொள்ளலாம்.

முல்லைத்தீவுக் கரை

எல்லோரிடமும் எரிவாயு இருப்பதில்லை என்பதால் ஒரு சொல். விறகடுப்பில் குக்கர் வைத்து முட்டை அவிப்பதை நான் விட்டுவிட்டேன். கொள்ளியை இழுத்தாலும் தணல் நின்று எரிவதால் நேரத்தைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. புட்டுப் பானையில் இரண்டு விரல் தண்ணீர் கொதிக்கவிட்டு, தட்டில் முட்டையை வைத்து இறுக மூடி, 12 நிமிடம் ஆவியில் அவித்தால் இதே பலன் கிடைக்கிறது. ஆவியும் சூடான தொடக்கமும்தான் தேவை. அமுக்கம் இல்லாவிட்டால் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். குளிர வைப்பதற்கு, மீனுக்கு வாங்கும் ஐஸை முட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். அது குடிநீரில் செய்ததா என்பது நமக்குத் தெரியாது. போத்தலில் குடிநீர் நிரப்பி உறையவைத்து, அந்தப் போத்தலை அப்படியே வாளிக்குள் இறக்குங்கள்.

பரந்தன் சிற்றுண்டி

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று ஒன்பது நாள் பொறுத்தேன்.

கிணற்றடியில் பிள்ளைகளின் பென்சிலை வாங்கித் திகதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஊர்க்கோழி முட்டை சேர்த்தேன். இன்று காலை எட்டு நாள் முட்டை ஆறு, நேற்று மாலை எடுத்த முட்டை ஆறு, கடையில் வாங்கிய பண்ணை முட்டை ஆறு என்று 18 முட்டைகளை ஒரே குக்கரில், துளைத் தட்டில், ஆவி எழும்பிய பிறகு வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே அடுக்கினேன். முதல் விசிலுக்குப் பின் ஐந்து நிமிடம், அணைத்து ஐந்து நிமிடம், பின்னர் உறைந்த போத்தல் இரண்டு இறக்கிய வாளியில் பத்து நிமிடம்.

பண்ணை முட்டை ஆறும் முழுதாக உரிந்தன. எட்டு நாள் முட்டையில் ஐந்து முழுதாக வந்தன. ஒன்றில் மட்டும் நுனியில் நகக்கண் அளவு பெயர்ந்தது. நேற்றைய முட்டையில் இரண்டுதான் தப்பின. மற்ற நான்கும் முன்பு போல மோசமாக இல்லை என்றாலும் கடைக்கு அனுப்ப முடியாதவை. அதே குக்கர், அதே நெருப்பு, அதே தண்ணீர் என்பதால், மாங்குளம் ஐயா சொன்னது என் கண்முன்னே நிரூபணமாகிவிட்டது. பச்சை வளையம் ஒன்றிலும் இல்லை.

உரிக்கும் விதத்தையும் மாற்றிப் பார்த்தேன். பருத்த முனையைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டி, பிறகு முட்டையை உள்ளங்கையால் அழுத்தி ஒரு உருட்டு உருட்டினால் கோது முழுவதும் வலை போல வெடிக்கிறது. வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, பருத்த முனையில் அந்த மெல்லிய வெள்ளைச் சவ்வைப் பெருவிரலால் பிடித்துவிட்டால், தண்ணீர் இடையே புகுந்து, கோது முழுவதும் அந்தச் சவ்வில் தொங்கிக்கொண்டு ஒரே துண்டாகச் சுருளாக வருகிறது. சவ்வைப் பிடிக்காமல் கோதை மட்டும் கிள்ளியதுதான் நான் இவ்வளவு நாளும் செய்த பிழை. கடைசி ஆறு முட்டையையும் நான்கு நிமிடத்துக்குள் உரித்து முடித்தேன்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் உள்ளன. அவசரமாகப் புது முட்டையைத்தான் அவிக்க வேண்டும் என்ற நாளில் தண்ணீரில் அப்பச்சோடா அல்லது வினாகிரி சேர்க்கலாமா? குக்கரின் உட்புறம் கறுத்து, அதன் மேல் சுண்ணாம்பு போல வெள்ளையும் படிகிறதே, அதற்கு என்ன செய்வது?

மாங்குளம் விஞ்ஞானம்

ஒன்றாக வைத்துச் சோதித்துப் பார்த்தது மிகச் சரியான வழி, சகோதரி. என் மாணவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லப் போகிறேன்.

அப்பச்சோடா காரத்தன்மையைக் கூட்டும் என்பதால் திறந்த சட்டியில் லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் முறையில் முட்டை தண்ணீரைத் தொடாமல் ஆவியில் வேகிறது. சோடா ஆவியுடன் மேலே வராது, ஆகவே அதனால் பயனில்லை. அதைவிட முக்கியமாக, காரம் அலுமினியத்தை அரிக்கும். அலுமினியக் குக்கரில் அப்பச்சோடாவைச் சேர்க்கவே வேண்டாம். வினாகிரி கோதிலுள்ள கல்சியம் காபனேற்றைக் கரைக்கும், வெடித்த முட்டையிலிருந்து வழியும் வெண்கருவை விரைவில் இறுகச் செய்யும். அதுவும் முட்டை தண்ணீருக்குள் இருந்தால்தான்.

குக்கர் கறுப்பதற்கும் வெள்ளை படிவதற்கும் நம் கிணற்றுத் தண்ணீரின் வன்மைதான் காரணம். கரைந்திருக்கும் கல்சியம் கொதிக்கும்போது பிரிந்து படிகிறது. காரத்தன்மையுள்ள நீர் அலுமினியத்தின் மேற்பரப்பைக் கறுக்கச் செய்கிறது. அவிக்கும் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு பழப்புளியோ, பிழிந்த தேசிக்காய்த் தோலோ போட்டால் இரண்டும் குறையும். ஏற்கெனவே படிந்ததற்கும் அதே புளித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தேய்த்தால் போதும்.

புதுக்குடியிருப்புச் சமையல்

தங்கச்சி, ஒன்றை மறக்க வேண்டாம். உரித்த முட்டையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். முதல் நாள் மாலையே அவிக்க நினைத்தால் கோதுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் உரியுங்கள். குளிர்ந்த முட்டையைக் கத்தியால் வெட்டும்போது மஞ்சட்கரு உதிராது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் வெள்ளையில் மஞ்சள் தீற்றாது. கலவைக்குள் வைப்பதற்கு முன் முட்டையின் ஈரத்தையும் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்கும்.

பரந்தன் சிற்றுண்டி

மிக்க நன்றி அண்ணா, ஐயா, வட்டக்கச்சி அக்கா, முல்லைத்தீவுத் தம்பி. ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்ததில் ஒரு முட்டையில் நரம்பு தெரிந்தது. வெளியே மேசையில் மறந்துபோய் நான்கு நாள் இருந்த முட்டை அது. அக்கா எழுதியிராவிட்டால் அது இன்று ஒருவருடைய மிதிவெடிக்குள் போயிருக்கும். இனிமேல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எப்போதும் எட்டு நாள் முட்டை 20 இருக்கும்படி சுழற்சியாக அடுக்கி வருகிறேன். பக்கத்து வளவு அக்காவுக்கும் ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.